கப்பல் பயணத்தில் டிக்கெட்டுக்கு வெளியே நிற்கும் மூன்று: டிப்ஸ், உடை விதி, ஆன்போர்டு கிரெடிட்

பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர், ஒரே கேபின், ஏழு இரவு. தலைக்கு நாளொன்றுக்கு 18.50 டாலர் டிப்ஸ் என்று வைத்தால் மொத்தம் 518 டாலர். டிக்கெட் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தெரியும் விலைக்குள் இது பெரும்பாலும் அடங்காது. அதே பக்கத்தில் "200 டாலர் ஆன்போர்டு கிரெடிட்" என்ற வரி மட்டும் பளிச்சென்று இருக்கும். கப்பலுக்குள் செலவழிக்கத் தரும் தொகை அது. நாலு பேருக்கு நாளொன்றுக்கு 74 டாலர் டிப்ஸ் ஏறுவதால், மூன்றாம் நாளே அந்த 200 டாலர் தீர்ந்துபோகும். மீதி 318 டாலர் உங்கள் கார்டில் இருந்து போகும்.

சாப்பாடு எப்படி, அறை எப்படி, நீச்சல் குளம் எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே பெரிய கப்பல் கம்பெனிகளின் சேவையை டிப்ஸ், உடை விதி, ஆன்போர்டு கிரெடிட் என்ற மூன்றை மட்டும் வைத்து எடைபோடுகிறோம். பயணிக்கும் கம்பெனிக்கும் மனக்கசப்பு வருவது இவற்றில்தான். டிப்ஸும் கிரெடிட்டும் கடைசி நாள் பில்லில் கசக்கும், உடை சாப்பாட்டு அறை வாசலில் கசக்கும்.

முதலில் டிப்ஸ். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். கிராஜுவிட்டி என்பார்கள். நார்வீஜியனில் சர்வீஸ் சார்ஜ், எம்எஸ்சியில் ஹோட்டல் சர்வீஸ் சார்ஜ், பிரின்சஸிலும் ஹாலந்து அமெரிக்காவிலும் க்ரூ அப்ரிசியேஷன். பெயர் எதுவானாலும் நடப்பது ஒன்றே: கேபினில் இருக்கும் ஒவ்வொரு ஆளின் பெயரிலும் தினமும் ஒரு தொகை கப்பல் கணக்கில் தானாக ஏறும். பெரிய கம்பெனிகளில் சாதாரண கேபினுக்கு இது ஏறத்தாழ 16 முதல் 20 டாலர், சூட்களுக்கு அதற்கு மேல். நார்வீஜியன் இந்த வரிசையில் உச்சத்தில் நிற்கிறது: சாதாரண கேபினுக்கு 20 டாலர், சூட்களுக்கும் ஹேவன் என்ற தனிச் சொகுசுப் பகுதிக்கும் 25 டாலர் என்று அது விகிதத்தை வைத்தது. இந்த விகிதங்கள் அடிக்கடி ஏறுகின்றன. அதனால் முன்பதிவு நாளில் பார்த்த எண்ணை நம்பாமல், கடைசித் தவணை கட்டும் நாளில் மறுபடி பாருங்கள்.

குழந்தைகளுக்கும் உண்டா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. உண்டு. கார்னிவலில் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும், நார்வீஜியனில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும் விலக்கு. மற்றபடி பெரும்பாலும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பெரியவருக்குள்ள அதே தொகைதான். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு டிக்கெட் இலவசம் என்று வரும் சலுகையைப் பார்த்து மயங்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். டிக்கெட்தான் இலவசம். டிப்ஸும் துறைமுக வரியும் தலைக்குத் தலை வரும்.

இந்தத் தொகையை கெஸ்ட் சர்வீசஸ் என்ற பயணிகள் உதவி மேசையில் கேட்டுக் குறைக்கவோ நீக்கவோ பல கம்பெனிகள் அனுமதிக்கின்றன. ஆனால் சேவையில் குறை இல்லாதபோது நீக்குவதை எங்களால் ஆதரிக்க முடியாது. அறையைச் சுத்தம் செய்பவருக்கும் சாப்பாடு பரிமாறுபவருக்கும் வருமானத்தில் பெரும்பங்கு இந்தப் பொதுத் தொகையிலிருந்தே வரும்படிதான் பல கம்பெனிகளின் சம்பள முறை இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கப்பல் ஊழியரின் வேலை நேரத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பே 24 மணி நேரத்தில் 14 மணி, ஏழு நாளில் 72 மணி. அந்த எல்லையை ஒட்டி உழைப்பவரின் பங்கைப் பிடித்து வைத்து பில்லைக் குறைப்பது நியாயமில்லை. "நீக்கிவிட்டு நேரில் கையில் கொடுத்துவிடுகிறேன்" என்பதும் நல்ல யோசனையாகத் தோன்றும். சில கம்பெனிகளில், பொதுத் தொகையை நீக்கிய பயணி கையில் கொடுக்கும் பணத்தையும் ஊழியர் பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. துணி துவைப்பவர், பாத்திரம் கழுவுபவர் போன்று உங்கள் கண்ணில் படாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அறை சரியில்லை என்றால் இரண்டாம் நாளே சொல்லுங்கள், சரிசெய்வார்கள். கடைசி நாளில் டிப்ஸை வெட்டினால் யாருக்கும் எதுவும் சரியாகாது.

முன்கூட்டியே கட்டுவதா, கப்பலில் தினமும் ஏற விடுவதா? இதில்தான் பலர் பணத்தை வீணடிக்கிறார்கள். உங்களிடம் திரும்பக் கிடைக்காத வகை கிரெடிட் இருந்தால், டிப்ஸை முன்கூட்டிக் கட்டாதீர்கள். அதைக் கப்பல் கணக்கிலேயே ஏற விட்டால் கிரெடிட் அதில் நேராகக் கழியும். தேவையில்லாத தொப்பியும் சாவிக்கொத்தும் வாங்கித் தீர்க்க வேண்டிய நிலை வராது. கிரெடிட்டே இல்லை, அல்லது விகிதம் ஏறப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது என்றால் உடனே கட்டிவிடுங்கள். பழைய விகிதத்தில் கட்டியவர்களிடம் வித்தியாசத்தைக் கேட்பதில்லை என்பதுதான் பொதுவான நடைமுறை. ஒரு விதிவிலக்கு உண்டு: சில வகைக் கிரெடிட்டை டிப்ஸுக்குப் பயன்படுத்த முடியாது. அதைக் கீழே சொல்கிறோம்.

தினசரி டிப்ஸோடு கதை முடிவதில்லை. பார், ஸ்பா, தனிக் கட்டண உணவகம் எல்லாவற்றிலும் விலைமேல் 18 அல்லது 20 சதவீதம் தானாகச் சேரும். பார் சீட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேலே பானத்தின் விலை, அடுத்த வரியில் 18 சதவீதம், அதற்குக் கீழே கூட்டுத்தொகை. அதன் கீழே "கூடுதல் டிப்ஸ்" என்று ஒரு வெற்று வரி, அதற்கும் கீழே மறுபடி "மொத்தம்" என்று இன்னொரு வெற்று வரி. மங்கிய வெளிச்சத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் அந்த வெற்று வரியைப் பார்த்து டிப்ஸ் இன்னும் போடவில்லை என்று நினைத்து ஒரு தொகை எழுதிவிடுவார்கள். 12 டாலர் காக்டெயில் 14.16 ஆகி, மேலே இரண்டு டாலர் எழுதினால் 16.16 ஆகிவிடும். கூடுதலாகக் கொடுக்க மனமிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். இல்லையென்றால் அந்த வரியில் ஒரு கோடு இழுத்துவிட்டு, கூட்டுத்தொகையைக் கடைசி வரியில் திரும்ப எழுதுங்கள்.

நார்வீஜியனின் "ஃப்ரீ அட் சீ" சலுகையும் இதே இடத்தில்தான் சறுக்குகிறது. பானத் தொகுப்பு இலவசம் என்பார்கள். ஆனால் அந்தத் தொகுப்பின் முழு விலைமீது 20 சதவீத சேவைக் கட்டணத்தைப் பயணிதான் கட்ட வேண்டும். நாளுக்கு இரண்டு குவளை குடிப்பவருக்கு அது தனித்தனியாக வாங்குவதைவிட அதிக லாபமாக இருக்காது. குடிக்காதவருக்குச் சுத்த நட்டம். முன்பதிவின்போதே அந்தச் சலுகையை எடுத்துவிடச் சொல்லலாம்.

எதில் எல்லாம் தானாகச் சேராது? துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொள்ளும் போர்ட்டர் கப்பல் ஊழியர் அல்ல. அமெரிக்கத் துறைமுகங்களில் பெட்டிக்கு ஓரிரு டாலர் கொடுப்பது வழக்கம். கரைச் சுற்றுலா வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் தனி. சூட்களில் வரும் பட்லருக்கும், சிறுவர் மன்றப் பணியாளருக்கும் சில கப்பல்களில் பொதுத் தொகையில் பங்கு கிடையாது. ஒற்றை டாலர், ஐந்து டாலர் தாள்களாகக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் பெரிய தாளை மாற்றும் மேசை முன் வரிசை நீளம்.

அடுத்தது உடை. இதில் பயமுறுத்தும் அளவுக்கு விஷயம் இல்லை. விதி மாலையில் மெயின் டைனிங் ரூமுக்கும் சில தனி உணவகங்களுக்கும்தான். பஃபே பக்கம் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். பகலில் டீ-சர்ட், அரைக்கால் சட்டை போதும். மாலையில் ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி. பெண்களுக்கு எந்த நல்ல உடையும். இந்த அளவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான கப்பல்களின் பெரும்பாலான இரவுகள் கடந்துவிடும். வாசலில் திருப்பி அனுப்பப்படுவது எப்போதும் அதே நான்கு பொருட்களுக்காகத்தான்: நீச்சல் உடை, ஆண்களின் கையில்லாச் சட்டை, தொப்பி, ரப்பர் செருப்பு.

ஏழு இரவுப் பயணத்தில் வழக்கமாக இரண்டு இரவு சிறப்பு உடை. ராயல் கரிபியனில் அது ஃபார்மல், கார்னிவலில் க்ரூஸ் எலகன்ட், செலிபிரிட்டியில் ஈவினிங் சிக், ஹாலந்து அமெரிக்காவில் டிரெஸ்ஸி. பெயர் மிரட்டினாலும் இவற்றில் கோட்டு கட்டாயமில்லை. இஸ்திரி போட்ட நல்ல சட்டையும் கருப்புப் பேன்ட்டும் ஒதுங்கி நிற்கவிடாது. அந்த இரவுகள் பெரும்பாலும் கப்பல் நாள் முழுதும் கடலில் ஓடும் நாளில் வரும். கரையிலிருந்து களைத்துத் திரும்பிய அன்று யாரையும் அலங்கரித்துக்கொள்ளச் சொல்வதில்லை. நார்வீஜியனில் கட்டாய ஃபார்மல் இரவே இல்லை. ஆனால் சில தனி உணவகங்களில் அரைக்கால் சட்டையோடு உட்கார முடியாது. எம்எஸ்சி, கோஸ்டா கப்பல்களில் வெள்ளை உடை இரவு ஒன்று வரும், ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துப் போனால் போதும்.

கியூனார்ட் மட்டும் தனி உலகம், அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு கப்பலின் பெரும்பகுதியில் நேர்த்தியான உடை எதிர்பார்க்கப்படுகிறது. காலா எனப்படும் சிறப்பு விருந்து இரவுகளில் ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது டையுடன் கருநிறக் கோட்டு, பெண்களுக்கு மாலை உடை. அவரவர் நாட்டுப் பாரம்பரிய முறை உடையும் ஏற்கப்படும். கருப்பு-வெள்ளை, முகமூடி நடனம் என்று அந்த இரவுகளுக்குக் கருப்பொருளும் உண்டு. அலங்கரிக்க விருப்பமில்லாதவர் எங்கே உட்காரலாம் என்பதையும் அவர்கள் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். குவீன் மேரி 2 கப்பலில் கிங்ஸ் கோர்ட் பஃபேயும் கோல்டன் லயன் பப்பும் அப்படிப்பட்ட இடங்கள். விதி கடுமையானது, ஆனால் ஒளிவுமறைவு இல்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டு அளவுகோலை வாசலில் நிற்கும் ஊழியரிடம் விட்டுவிடும் கம்பெனிகளைவிட இது மேல்.

உடையில் உண்மையான சிக்கல் சுருக்கம்தான். இஸ்திரிப் பெட்டியையும் நீராவிக் கருவியையும் தீ அபாயம் கருதி கேபினுக்குள் விடுவதில்லை. ஸ்கேனரில் தெரிந்தால் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும் நாளில்தான் தருவார்கள், அதற்குள் உங்கள் பெட்டியும் தாமதமாகும். கார்னிவல், பிரின்சஸ், கியூனார்ட் கப்பல்களில் பயணிகளே பயன்படுத்தும் சலவை அறை உண்டு. ராயல் கரிபியன் கப்பல்களிலும் பெரும்பாலான நார்வீஜியன் கப்பல்களிலும் இல்லை, அங்கே காசு கொடுத்து இஸ்திரிக்குப் போட வேண்டும். பருத்திக்குப் பதில் கசங்காத துணியாக எடுங்கள். பெட்டி வந்தவுடன் தொங்கவிடுங்கள். குளியலறையில் சுடுநீர் ஓடும்போது உள்ளே மாட்டி கதவைச் சாத்தினால் பாதிச் சுருக்கம் போய்விடும். கேபின் சுவர் பெரும்பாலும் உலோகம் என்பதால் காந்தக் கொக்கி நன்றாக ஒட்டும், நாலு எடுத்துப் போனால் நாலு உடைக்கு இடம் கிடைத்துவிடும். துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி மாலையில்தான் அறைக்கு வரும், சில நேரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வரும். முதல் இரவு உடை விதி தளர்வாக இருப்பது அதனால்தான். மருந்து, நீச்சல் உடை, மாலைக்கு ஒரு சட்டை, மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

கரையில் இறங்கும்போது ஒரு எச்சரிக்கை. பார்படாஸ், ஜமைக்கா உள்ளிட்ட சில கரிபியன் நாடுகளில் ராணுவச் சீருடைபோல் திட்டுத் திட்டான அச்சு (கமாஃப்ளாஜ்) போட்ட உடையைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். குழந்தையின் தொப்பி, பை உட்பட அறையிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். ரோமுக்கான துறைமுகமான சிவிடாவெக்கியாவில் இறங்கி ரோமுக்குப் போய் புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழைய வேண்டும் என்றால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

இனி ஆன்போர்டு கிரெடிட். இது பணம் போலத் தோன்றும், ஆனால் பணம் இல்லை. எந்த வகை என்று தெரியாமல் மகிழ்ச்சி அடையக் கூடாது. பயண முகவரோ கம்பெனியோ சலுகையாகக் கொடுப்பது பெரும்பாலும் திரும்பக் கிடைக்காத வகை. கடைசி இரவுக்குள் செலவழிக்காவிட்டால் மறைந்துபோகும். நீங்களே காசு கட்டி வாங்கிய கிரெடிட்டும், கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்ததால் திரும்ப வந்த வரித் தொகையும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும் வகை. அது கார்டுக்கே போய்ச் சேரும். முன்பதிவு உறுதிச் சீட்டில் இரண்டும் ஒரே தொகையாகத் தெரியலாம். முகவரிடம் மூன்று கேள்வி எழுத்தில் கேளுங்கள்: திரும்பக் கிடைக்குமா, கேபினுக்கா ஆளுக்கா, யார் பெயரில் ஏறும்? முதல் பயணி பெயரில் ஏறிய கிரெடிட் இரண்டாம் பயணியின் செலவில் தானாகக் கழியாமல் போவதுண்டு. நீங்கள் கப்பல் ஏறிய முதல் நாளே கெஸ்ட் சர்வீசஸில் சொல்லி இரு கணக்கையும் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பங்குதாரர் கிரெடிட் பலருக்குத் தெரியாத ஒன்று. கார்னிவல் கார்ப்பரேஷனின் 100 பங்கு வைத்திருப்பவருக்கு, ஆறு நாள் வரையிலான பயணத்துக்கு 50, ஏழு முதல் பதின்மூன்று நாளுக்கு 100, பதினான்கு நாளும் அதற்கு மேலும் என்றால் 250 டாலர் என்பது அந்தக் குழுமம் நெடுநாளாகத் தந்துவரும் சலுகை. பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, கியூனார்ட் எல்லாம் அதே குழுமம்தான். கேபினுக்கு ஒன்று. பயணத்துக்குச் சில வாரம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இதை டிப்ஸுக்கும் சூதாட்ட அறைக்கும் பயன்படுத்த முடியாது. மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான். ஆகவே இந்தக் கிரெடிட் மட்டும் கையில் இருப்பவர் டிப்ஸை முன்கூட்டிக் கட்டினாலும் நட்டமில்லை.

நார்வீஜியன் தரும் கரைச் சுற்றுலாக் கிரெடிட் இன்னொரு வகை. துறைமுகத்துக்கு 50 டாலர், கேபினின் முதல் பயணிக்கு மட்டும். ஒரு துறைமுகத்தில் பயன்படுத்தாததை அடுத்ததற்குக் கொண்டுபோக முடியாது. இரண்டு பேர் 90 டாலர் சுற்றுலா போனால் 180-ல் 50தான் கழியும்.

கிரெடிட் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் கப்பலில் வாங்கவும் கூடாது. வைஃபை, பானத் தொகுப்பு, தனி உணவகம் ஆகியவற்றைப் பயணத்துக்கு முன் இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் மலிவு, விலை இன்னும் குறைந்தால் ரத்து செய்து மறுபடி வாங்கவும் பல கம்பெனிகள் விடுகின்றன. ஆனால் கிரெடிட் பெரும்பாலும் கப்பலுக்குள்தான் செல்லும். எனவே கிரெடிட்டை டிப்ஸுக்கு ஒதுக்கிவிட்டு, வைஃபையைக் கைக்காசில் முன்பே வாங்குவதுதான் பல நேரம் லாபம்.

கட்டும் கார்டு பற்றியும் சொல்ல வேண்டும். டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். கப்பல் ஒவ்வொரு முறையும் தொகையைப் பிடித்துவைக்கும், பயணம் முடிந்த பிறகும் வங்கி அதை விடுவிக்கப் பல நாள் ஆகும். கப்பலின் நாணயமும் கம்பெனியைப் பொறுத்தது: பெரும்பாலானவற்றில் டாலர், பிரிட்டனின் பி அண்ட் ஓவில் பவுண்டு, மத்தியதரைக் கடல் பக்கம் கோஸ்டாவிலும் எம்எஸ்சியிலும் யூரோ. சில கம்பெனிகள் உங்கள் கார்டின் நாணயத்துக்குத் தாமாகவே மாற்றி, மாற்று விகிதத்தில் தங்கள் லாபத்தைச் சேர்த்துவிடும். ஏறிய அன்றே கெஸ்ட் சர்வீசஸில் "கப்பல் நாணயத்திலேயே பில் போடுங்கள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

கம்பெனிகளை வரிசைப்படுத்தினால், இந்த மூன்றிலும் எங்களுக்கு முழுத் திருப்தி தருபவை டிக்கெட்டிலேயே டிப்ஸை அடக்கிவிடும் ரீஜென்ட், சீபோர்ன், சில்வர்சீ. விலை அதிகம், ஆனால் பார்த்த விலைதான் விலை. நடுத்தர விலையில் பி அண்ட் ஓ 2019-லேயே தினசரி சேவைக் கட்டணத்தை எடுத்துவிட்டது. மற்ற பெரிய கம்பெனிகளும் இதைச் செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறோம். கார்னிவலும் ராயல் கரிபியனும் உடையில் இணக்கமானவை, டிப்ஸ் விகிதத்தைத் தளத்தில் தெளிவாகவே போடுகின்றன. குடும்பத்தோடு போவோருக்குக் கணக்குப் போட வசதி. நார்வீஜியன் உடையில் மிகச் சுதந்திரம், கட்டணத்தில் மிகக் கனம். கியூனார்ட் அலங்கரித்துக்கொள்ளப் பிடித்தவர்களுக்கு நிகரில்லாதது. கோட்டு என்றாலே மூச்சுமுட்டுபவர் அதில் ஏறி எட்டு இரவு பஃபேயில் உட்காருவது யாருக்கும் மகிழ்ச்சி தராது.

எந்தக் கப்பலானாலும் கணக்கை ஆப்பிலோ கேபின் டிவியிலோ இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கடைகள் மூடியிருக்கும், வரியில்லா விற்பனைக்கான விதி அது. கடைசி நாள் துறைமுகத்தில் கழிகிறது என்றால் கிரெடிட்டைக் கடையில் தீர்க்கக் கிடைப்பது கிளம்பிய பிறகான சில மணி நேரம்தான். அதற்குள் நூறு பேர் அங்கே நிற்பார்கள். அதற்கு முந்தைய நாளே கணக்கை எடுத்து, டிப்ஸ் போக எவ்வளவு மீதி என்று பாருங்கள். இன்னும் ஏறாத கடைசி நாள் டிப்ஸையும் சேர்த்துக் கழியுங்கள். அப்படியும் மிஞ்சினால் ஒரு தனி உணவகச் சாப்பாடோ ஒரு பை சலவையோ போதும், வீட்டுக்குத் துவைத்த துணியோடு போகலாம். பில்லில் தப்பு இருந்தால் அன்று மாலையே மேசைக்குப் போய்விடுங்கள். இறங்கும் காலையில் அந்த வரிசை மாடிப்படி வரை நிற்கும்.